தேசியப் பூங்காவில் தனியாகக் கூடாரம் அடிப்பவர் ஏன் ஆறு பேருக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டும்?

ஒற்றைக்கூடாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பல ஆண்டுகளாகத் தனியாகவே பயணம் செய்து வருகிறேன். ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய சிறு கூடாரம், ஒரு முதுகுப்பை, கையளவு அடுப்பு ஆகியவற்றுக்கு மேல் என்னிடம் எதுவும் இருப்பதில்லை. அண்மையில் முடித்த நீண்ட பயணத்தின் செலவுக் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது, உணவையும் பேருந்தையும் விட முகாம் திடல்களுக்குச் செலுத்திய இரவுக் கட்டணமே பெரும்பகுதியாக இருந்ததைக் கண்டு வருந்தினேன். கூடாரத்தில் தங்குவது எளிய மனிதர்களின் பயண முறை என்று நம்பித்தான் அதை நான் தேர்ந்தெடுத்தேன்.

காரணம் அனைவரும் அறிந்ததே. பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் கட்டணம் ஆளுக்கு விதிக்கப்படுவதில்லை. கூடாரம் அடிக்கும் இடத்துக்கு விதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் உள்ள அப்பர் பைன்ஸ் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் இடத்துக்கு ஓர் இரவுக்கு 36 டாலர். அந்தத் தொகைக்கு ஆறு பேர் வரை தங்கலாம், இரண்டு வண்டிகளை நிறுத்தலாம். ஆறு பேராகச் சென்றால் தலைக்கு 6 டாலர். நான் சென்றால் 36 டாலர். நுழைவுக் கட்டணமும் இதே போக்கில்தான் இருக்கிறது. அங்குள்ள பெரிய பூங்காக்களில் அமெரிக்காவில் வசிப்போருக்கு ஒரு காருக்கு ஏழு நாட்களுக்கு 35 டாலர். அதில் நால்வர் அமர்ந்திருந்தால் தலைக்கு 8.75 டாலர் ஆகிறது. நான் ஒருவன் ஓட்டிச் சென்றால் முழுத்தொகையும் என்னுடையது. நடந்தோ மிதிவண்டியிலோ நுழைந்தால் 20 டாலர் என்பது சிறு ஆறுதல்.

ஒரு பூங்காவில், பெயர் வேண்டாம், எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் இரண்டு கார்களும் நான்கு கூடாரங்களும் கொள்ளும் அளவுக்குப் பரந்து கிடந்தது. அதன் ஒரு மூலையில் என் கூடாரம் நின்றது. அன்று மாலை இடமின்றித் திரும்பிய மிதிவண்டிப் பயணி ஒருவரை என்னுடன் தங்கிக்கொள்ளுமாறு அழைத்தேன். பதிவில் அவர் பெயர் இல்லை என்று கூறி அலுவலர் அனுமதி மறுத்துவிட்டார். ஐந்து பேருக்கான இடம் காலியாக இருந்தது, அதற்கான பணத்தை நான் செலுத்தியிருந்தேன், ஆயினும் இருட்டும் வேளையில் ஒருவர் திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. அந்த இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

தனிப் பயணிகள் இதை எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்பதையும், இந்த முறை நியாயமானதுதானா என்பதையும் இங்கே பேச விரும்புகிறேன்.

வேங்கைமரம் எழுதியது:

விடுதி அறைக்கும் இதே நிலைதானே, நண்பரே? ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் அறை வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். பயன்படுத்துவது இடம் என்றால், இடத்துக்குத்தானே விலை வைக்க முடியும்?

திடல்காவல் எழுதியது:

நான் சில பருவங்கள் ஒரு தேசியப் பூங்காவின் முகாம் திடலில் பணியாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, கட்டணம் ஏன் இப்படி அமைந்தது என்பதைச் சொல்ல முயல்கிறேன். நியாயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. காரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் எதைக் கேட்கலாம் என்பது தெளிவாகும்.

ஒரு கூடார இடத்தின் செலவில் இரண்டு வகை உண்டு. வண்டி நிறுத்தும் தளம், மேசை, தீ மூட்டும் வளையம், கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி, அந்த இடம் வரை வரும் பாதை ஆகியவை தங்குபவர் ஒருவரானாலும் அறுவரானாலும் இருந்தாக வேண்டும். கழிவறையைத் தூய்மை செய்தல், குடிநீர், குப்பையை அகற்றுதல் ஆகியவை ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடுகின்றன. நான் பணியாற்றிய திடலில் எங்கள் வேலை நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கியது இந்த இரண்டாவது வகைதான். கூட்டம் நிறைந்த வார இறுதிக்குப் பின் வரும் திங்கட்கிழமை காலையில் குப்பைத் தொட்டிகளின் நிலையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆகவே வேங்கைமரம் அவர்கள் சொல்வது பாதி உண்மை. இடத்துக்கு ஒரு விலை உண்டு, ஆளுக்கும் ஒரு விலை உண்டு. இப்போதைய முறை முதலாவதை மட்டுமே எண்ணுகிறது.

இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. முன்பதிவு இணையத்துக்கு வராத காலத்தில், வருபவரே ஓர் உறையில் பணத்தை வைத்து, நுழைவாயிலில் நட்டிருக்கும் இரும்புக் குழாய்க்குள் போட்டுவிட்டு, உறையின் கிழிதுண்டைத் தம் இடத்துக் கம்பத்தில் செருகிவைப்பார். சிறிய திடல்கள் பலவற்றில் இன்றும் இதுவே முறை. அந்தக் குழாயை 'இரும்பு வனக்காவலர்' என்றே அழைப்பார்கள். மாலையில் சுற்றி வரும் அலுவலர் கம்பத்தில் துண்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம். ஆளுக்குக் கட்டணம் என்றால் ஒவ்வொரு கூடாரத்தின் முன்னும் நின்று தலைகளை எண்ண வேண்டும். இரவு பத்து மணிக்கு அதைச் செய்யும் அளவுக்கு எந்தப் பூங்காவிலும் ஆட்கள் இல்லை.

பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய கட்டணங்களில் பொதுவாகக் குறைந்தது 80 விழுக்காடு வசூலான பூங்காவிலேயே செலவிடப்பட வேண்டும். ஆகவே நீங்கள் செலுத்தும் தொகையின் பெரும்பகுதி அந்தக் கழிவறைக்கும் அந்தப் பாதைக்கும்தான் திரும்புகிறது.

நீங்கள் அழைத்த மிதிவண்டிப் பயணியைத் திருப்பி அனுப்பியது எனக்கும் வருத்தமாகவே இருக்கிறது. காட்டுத்தீ பரவினால் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் தேவை என்பதால் பதிவில் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பெயரை அங்கேயே சேர்த்துக்கொள்வதற்கு வழி இல்லாமல் போனது அமைப்பின் குறை.

நெடுஞ்சக்கரம் எழுதியது:

அந்த மிதிவண்டிப் பயணியின் இடத்தில் நான் பலமுறை நின்றிருக்கிறேன், எனவே இந்த இழையைப் படித்தவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது.

தனிப் பயணிகளுள் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. சில பூங்காக்களில் நடந்து வருவோருக்கும் மிதிவண்டியில் வருவோருக்கும் தனியே சில இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். மொன்டானா மாநிலத்தில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் இத்தகைய இடங்கள் உண்டு. அங்கே ஆளுக்கு இத்தனை என்று சிறு தொகை வாங்குகிறார்கள், ஒரே இடத்தை முன்பின் அறியாத பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். யெல்லோஸ்டோனின் பல திடல்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. கலிபோர்னியா, ஒரிகான் கடற்கரை நெடுக உள்ள மாநிலப் பூங்காக்களில் இது நெடுநாள் வழக்கம். பொதுத் திடல் நிரம்பிவிட்டது என்ற பலகை தொங்கும்போதுகூட இந்த இடங்களில் படுக்க ஒரு மூலை கிடைத்துவிடுவது வழக்கம். அறுபது எழுபது கிலோமீட்டர் மிதித்து வந்தவரை இருட்டில் அடுத்த திடலுக்குப் போகச் சொல்வது ஆபத்து என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

ஆனால் காரில் தனியாக வருபவருக்கு இது பொருந்தாது. வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து வந்து தங்குவதையும் ஏற்க மாட்டார்கள். ஒற்றைக்கூடாரம் அவர்கள் பேருந்தில் செல்பவர் என்று தெரிகிறது. பேருந்தில் இறங்கி நடந்து வருபவரை நடைப்பயணியாகக் கொள்வார்களா என்பது திடலுக்குத் திடல் மாறும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஒற்றைக்கூடாரம் எழுதியது:

திடல்காவல் அவர்களின் விளக்கம் என் கோபத்தின் திசையை மாற்றியிருக்கிறது. நன்றி. நான் கட்டணக் குறைப்பு ஒன்றையே மனத்தில் வைத்திருந்தேன். இடத்தின் அளவைப் பற்றி யோசிக்கவில்லை.

நெடுஞ்சக்கரம் அவர்கள் சொன்னதைப் படித்ததும் யோசெமிட்டியிலேயே இருக்கும் கேம்ப் 4 நினைவுக்கு வந்தது. பாறை ஏறுவோரின் வரலாற்றில் அதற்குரிய இடத்துக்காக 2003இல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. வண்டிகளை ஒருபுறம் நிறுத்திவிட்டுக் கூடாரத்தைச் சுமந்து உள்ளே நடக்க வேண்டும். ஓர் இடத்தில் ஆறு பேர் வரை தங்குகிறார்கள். அவர்கள் ஒரே குழுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. தனியாகச் சென்றால் அறியாதவர்களோடு மேசையையும் உணவுப் பெட்டியையும் பகிர்ந்துகொள்கிறோம். கட்டணம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 10 டாலர்.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். அப்பர் பைன்ஸில் ஓர் இடம் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் பூங்காவுக்குக் கிடைப்பது 36 டாலர். கேம்ப் 4இல் ஓர் இடத்தில் ஆறு தனிப் பயணிகள் தங்கினால் பூங்காவுக்கு 60 டாலர் கிடைக்கிறது. நான் செலுத்துவதோ 36க்குப் பதிலாக 10. நான்கு பேர் வந்தாலே 40 டாலர் ஆகி, அந்த 36ஐத் தாண்டிவிடுகிறது. தனிப் பயணிக்கு மலிவாக இருப்பது பூங்காவுக்கு நட்டம் என்ற எண்ணம் தவறு என்பதற்கு, ஒரே பள்ளத்தாக்கில் நடந்து போகும் தொலைவில் இருக்கும் இந்த இரண்டு திடல்களே சான்று. இத்தனை ஆண்டுகளாக இந்தப் பெருக்கலை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

நால்வரின்பயணம் எழுதியது:

உங்கள் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் அதே கணக்கில் என் குடும்பம் எங்கே நிற்கிறது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளும். எங்கள் வருமானத்தில் விடுமுறை என்றால் அது கூடாரம்தான். நான்கு பேருக்கு 36 டாலர் என்பது எங்களால் தாங்கக்கூடியது. ஆளுக்குக் கட்டணம் என்று எல்லா இடங்களிலும் மாற்றி, அந்தத் தொகையைத் தனிப் பயணிக்கு வசதியாக 15 என்று வைத்தால், எங்களுக்கு அது 60 ஆகிவிடும். குழந்தைகளுக்குக் காடு என்றால் என்ன என்று காட்டுவதற்கு எங்களுக்கு இருக்கும் ஒரே வழியை அது சுருக்கிவிடும். இடத்துக்குக் கட்டணம் என்ற முறை குடும்பங்களை மனத்தில் வைத்து உருவானது. அதில் ஒரு நல்ல நோக்கம் இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

கனடாவின் பூங்காக்களில் இதை வெளிப்படையாகவே செய்கிறார்கள். 17 வயது வரை உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரே வண்டியில் வரும் ஏழு பேர் வரைக்கும் குடும்ப அல்லது குழுக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நுழைவை அனைவருக்கும் இலவசமாக்கி, முகாம் கட்டணத்தில் 25 விழுக்காடு குறைத்தார்கள். அந்தக் குறைப்பு தனியாக வருபவருக்கும் எங்களுக்கும் ஒரே விழுக்காட்டில் கிடைத்தது. யாரும் யாருடைய பங்கையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பனிவரை எழுதியது:

நால்வரின்பயணம் அவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் ஆளுக்குக் கட்டணம் விதிக்கும் நாடுகள் குழந்தைகளை மறந்துவிடவில்லை. நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம் திடல்களில் ஆளுக்குத்தான் கட்டணம். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம். ஐந்து முதல் பதினேழு வயது வரை பொதுவாகப் பாதிக் கட்டணம். அதோடு, வசதிகளின் அளவைப் பொறுத்துத் திடல்களைப் படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெந்நீரும் சமையலறையும் உள்ள திடலுக்கு அதிகம். குழிக் கழிவறையும் ஓடைத் தண்ணீரும் மட்டும் உள்ள அடிப்படைத் திடலுக்கு ஒன்றுமே இல்லை. தனியாகச் சென்ற நான் மூன்று வாரங்களில் பாதி இரவுகளை அந்த அடிப்படைத் திடல்களில் கழித்தேன். எனக்கு வேண்டியது ஆறடி நிலம், அது கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தேசியப் பூங்காக்களிலும் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்பதே முறை. குடும்பமாக வருவோருக்கென்று தனியாக ஒரு குடும்பக் கட்டணமும் உண்டு. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் நான் கண்டது இரண்டுக்கும் இடைப்பட்ட முறை. குரூகர் உள்ளிட்ட தேசியப் பூங்காக்களின் கூடார இடங்களுக்கு ஓர் அடிப்படைக் கட்டணம் உண்டு. அது ஒருவருக்கும் இருவருக்கும் ஒன்றுதான். மூன்றாமவர் முதல் ஒவ்வொருவருக்கும் கூடுதல் தொகை, குழந்தைக்குக் குறைவு, ஓர் இடத்தில் அதிகபட்சம் ஆறு பேர். இதில் தனிப் பயணி தாங்குவது இன்னொருவரின் பங்கை மட்டுமே, ஐவரின் பங்கை இல்லை. திடல்காவல் அவர்கள் சொன்ன இரண்டு வகைச் செலவுகளையும் ஒரே கட்டண அட்டையில் கொண்டுவந்த முறை என்று இதைச் சொல்லலாம். எனக்கு இது மிகவும் நேர்மையாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். ஆளுக்குக் கட்டணம் என்றால் மலிவு என்று பொருளில்லை. தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில் வெளிநாட்டவருக்கு முகாம் கட்டணம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 டாலர், வரி தனி. மீட்புக் கட்டணமாகப் பயணத்துக்கு 20 டாலர் வேறு. அங்கே தனியாக ஏறவே அனுமதி இல்லை, பதிவு பெற்ற வழிகாட்டியோடுதான் செல்ல வேண்டும். கட்டணம் தலைக்குச் சமம். வழிகாட்டியின் கூலியோ, ஒருவராகச் சென்றால் முழுவதும் அந்த ஒருவர் மேல்தான். நேபாளத்திலும் 2023 ஏப்ரல் முதல் பல மலைப்பாதைகளில் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் நடக்கக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். தனிப் பயணியின் செலவைக் கணக்கிடும்போது கூடார இடத்தை மட்டும் பார்த்தால் போதாது.

நிலவொளி எழுதியது:

பகிர்ந்து தங்கும் இடங்களை இங்கே அனைவரும் பாராட்டுகிறீர்கள். நானும் தனியாகப் பயணம் செய்பவள்தான். அத்தகைய இடங்களில் தங்கியிருக்கிறேன். பெரும்பாலும் நல்ல மனிதர்களையே சந்தித்திருக்கிறேன். ஆயினும் ஒரு பெண்ணுக்கு அந்த 26 டாலர் மிச்சம் எப்போதும் மிச்சமாக இருப்பதில்லை.

ஒருமுறை பகிர்வு இடம் ஒன்றில் நான் கூடாரம் அடித்த பிறகு மூன்று ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். தவறாக எதுவும் நடக்கவில்லை, அவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் நள்ளிரவில் கழிவறைக்குச் செல்ல எழுந்திருக்காமல் விடியும் வரை படுத்துக் கிடந்தேன். மறுநாள் அதே திடலில் முழு இடத்துக்கான கட்டணத்தைக் கொடுத்து இடம் மாறிக்கொண்டேன். அந்தத் தொகை எனக்குப் பெரியது. நான் வாங்கியது ஆறு பேருக்கான நிலத்தை அல்ல, ஒரு இரவுத் தூக்கத்தை.

எனவே தனிப் பயணிக்கான தீர்வு பகிர்வு ஒன்றே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு வேண்டியது ஒரு கூடாரம் மட்டும் கொள்ளும் சிறு இடம். அதற்கு அதன் அளவுக்கேற்ற கட்டணம். வண்டித் தளமும் பெரிய மேசையும் எனக்குத் தேவையில்லை. வெளிச்சமும் கழிவறையும் அருகில் இருந்தால் போதும்.

வேங்கைமரம் எழுதியது:

நிலவொளி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, விடுதி அறையோடு நான் ஒப்பிட்டதைத் திரும்பப் பெறுகிறேன். விடுதிகளில் ஒற்றையர் அறை என்று சிறிய அறை ஒன்று குறைந்த வாடகைக்கு இருக்கிறது. முகாம் திடலில் அப்படி ஒன்று பெரும்பாலும் இல்லை என்பதுதான் இங்கே குறை.

முதுநடை எழுதியது:

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது; மனைவி மறைந்த பிறகு தனியாகவே காடுகளுக்குச் செல்கிறேன். அமெரிக்காவில் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ பெற்ற 62 வயது நிறைந்தவர்களுக்கு வாழ்நாள் அனுமதிச் சீட்டு ஒன்று உண்டு. 2017 வரை 10 டாலராக இருந்தது, அதன்பின் 80 டாலர் ஆயிற்று. அதைக் காட்டினால் நுழைவு இலவசம். பல திடல்களில் முகாம் கட்டணமும் பாதியாகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது பெரும் உதவி. இளைய தனிப் பயணிகளுக்கு அப்படி எதுவும் இல்லை என்பதை இந்த இழையில்தான் உணர்ந்தேன்.

நான் சொல்ல வந்தது வேறு. இரவுக் கட்டணத்தையே அனைவரும் பேசுகிறீர்கள். அதைச் சுற்றியுள்ள நிலையான கட்டணங்களைக் கவனியுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் முன்பதிவுத் தளத்தில் ஒரு கூடார இடத்தை ரத்து செய்தால் 10 டாலர் பிடிப்பார்கள். வருகைக்கு முந்தைய நாளோ அன்றோ ரத்து செய்தால் முதல் இரவுக் கட்டணமும் போகும். சொல்லாமலே வராதிருந்தால் 20 டாலரும் முதல் இரவுக் கட்டணமும் போகும். என் பாதிக் கட்டணம் 18 டாலராக இருக்கையில் ரத்துக்கு 10 டாலர் என்பது பாதிக்கும் மேல். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு அதே 10 டாலர் தலைக்கு இரண்டு டாலர்கூட இல்லை. அதோடு, குழுவில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லை என்றால் மற்றவர்கள் செல்லலாம். தனிப் பயணிக்குக் காய்ச்சல் வந்தால் பயணமே இல்லை. ரத்து செய்யும் வாய்ப்பு அதிகம் உள்ளவரே ரத்துக் கட்டணத்தை முழுமையாகச் சுமக்கிறார்.

யோசெமிட்டியின் காட்டுப்பகுதி அனுமதியிலும், அதாவது திடலுக்கு வெளியே காட்டுக்குள் தங்குவதற்கான அனுமதியிலும், இதே அமைப்புத்தான்: விண்ணப்பத்துக்கு 10 டாலர், ஆளுக்கு 5 டாலர். தனியாகச் சென்றால் 15. நால்வராகச் சென்றால் மொத்தம் 30, தலைக்கு 7.50. கிராண்ட் கேன்யனின் அனுமதியும் ஒரு நிலையான தொகையோடு ஆளுக்கான இரவுக் கட்டணத்தைச் சேர்த்தே அமைந்திருக்கிறது. ஆனாலும் பல இரவுகள் தங்கினால் அந்த நிலையான தொகை பரவிவிடும். எனவே இளைய நண்பர்களுக்கு என் யோசனை: ஓரிரவு ஓரிரவாக ஐந்து பூங்காக்களை ஓடிப் பார்ப்பதைவிட, ஒரே காட்டில் ஐந்து இரவுகள் தங்குங்கள். காடும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒற்றைக்கூடாரம் எழுதியது:

ஐயா, தாங்கள் கடைசியில் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரே இடத்தில் தங்கியிருந்தால் பேருந்துச் செலவும் குறைந்திருக்கும்.

ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். ரத்துக் கட்டணத்தை முழுவதும் நீக்கிவிட்டால் என்ன? அல்லது அடிப்படைத் திடல்களை நியூசிலாந்தைப் போல எல்லா நாடுகளிலும் இலவசமாக்கினால் என்ன?

திடல்காவல் எழுதியது:

அதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2024 டிசம்பர் முதல் 2025 ஜூன் இறுதி வரை, மாநிலப் பூங்காத் துறையின் முகாம் திடல்களில் கட்டணத்தை முழுவதும் நீக்கினார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பலர் பல வார இறுதிகளை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு வராமலே இருந்தார்கள். இணையத்தில் திடல் நிரம்பியதாகக் காட்டும். நேரில் போனால் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும். ஆவிப் பதிவுகள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. இதில் முதலில் பாதிக்கப்படுபவர் முன்கூட்டித் திட்டமிட முடியாமல், நடந்தோ மிதிவண்டியிலோ அன்றன்று இடம் தேடும் தனிப் பயணிதான்.

நியூசிலாந்தின் அடிப்படைத் திடல்களில் இந்தச் சிக்கல் பெரிதாக எழாததற்குக் காரணம், அவற்றுக்குப் பொதுவாக முன்பதிவே கிடையாது என்பது. வந்தவருக்கு இடம். இலவசமும் முன்பதிவும் ஒன்றாகச் சேரும்போதுதான் கேடு. எனவே ரத்துக் கட்டணம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது 10 டாலர் என்று நிலையாக இல்லாமல், செலுத்திய தொகையில் ஒரு விழுக்காடாக இருக்கலாம். முதுநடை ஐயா அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி அதில் சரியாகிவிடும்.

நெடுஞ்சக்கரம் எழுதியது:

கட்டணமே இல்லாத நாடுகளையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலியிடாத திறந்தவெளியில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால் கூடாரம் அடிக்கலாம். ஒரே இடத்தில் பொதுவாக இரண்டு இரவுகள் வரை. இங்கிலாந்தின் டார்ட்மூர் தேசியப் பூங்காவின் பொது நிலங்களில் கூடாரம் அடிக்கும் உரிமையை 2025 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஸ்காட்லாந்தின் லாக் லோமண்ட் பூங்காவில் ஏரிக்கரைகள் சீரழிந்ததால் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். தொடக்கத்தில் ஒரு கூடாரத்துக்கு ஓர் இரவுக்கு 3 பவுண்டு. அதுவும் கூடாரத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆனால் தொகை சிறியதாக இருந்தால் யாரும் வழக்காட மாட்டார்கள். அமெரிக்காவிலும் தேசியப் பூங்காவின் எல்லையைத் தாண்டி அடுத்திருக்கும் தேசியக் காடுகளில் திடலுக்கு வெளியே இலவசமாகத் தங்கலாம். பல இடங்களில் 14 நாள் வரம்பு உண்டு. வண்டி இருப்பவர்களுக்கு இது எளிது. நடந்து செல்பவருக்கு எல்லையிலிருந்து பூங்காவின் நடுப்பகுதி வரை முப்பது கிலோமீட்டர் என்றால் அந்த இலவசத்தால் பயன் இல்லை.

நால்வரின்பயணம் எழுதியது:

சிறு இடங்களைத் தனியாகப் பிரித்து அவற்றுக்குக் குறைந்த கட்டணம் வைப்பதானால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், தனியாக வருபவர் பெரிய இடத்தை எடுத்துக்கொள்ளாமல் இருந்தால், விடுமுறைக் காலத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். சென்ற ஆண்டு நாங்கள் நான்கு முறை முயன்றும் பதிவு கிடைக்கவில்லை. ஓர் ஆள் மட்டும் தங்கிய பெரிய இடங்கள் எத்தனை இருந்தனவோ என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஒற்றைக்கூடாரம் எழுதியது:

இதை நீங்கள் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நாம் இருவரும் எதிரெதிர்த் தரப்பில் நிற்கிறோம் என்றே நேற்று வரை எண்ணியிருந்தேன்.

கட்டணத்தை மாற்றும் முன் பூங்காக்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்பதுண்டு. அடுத்த முறை அவ்வாறு கேட்கும்போது அனுப்புவதற்காக ஒரு மடல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். புதிய நிலம் எதையும் அதில் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு திடலிலும் வண்டி ஏற முடியாத, சரிவில் அமைந்த, ஒரு கூடாரத்துக்கு மேல் கொள்ளாத மூலைகள் இருக்கின்றன. அவற்றையும் முழு இடமாக எண்ணி முழுக்கட்டணத்துக்கு விற்கிறார்கள், அல்லது எண்ணாமலே விட்டுவிடுகிறார்கள். அவற்றை ஒருவர் இடம் என்று பெயரிட்டு, தென்னாப்பிரிக்க முறையைப் போல இடத்துக்கு ஒரு தொகையும் ஆளுக்கு ஒரு தொகையும் சேர்த்து விலை வைக்கலாம் என்று எழுத இருக்கிறேன். திடல்காவல் அவர்களே, இது நடைமுறைக்கு ஒத்துவருமா?

திடல்காவல் எழுதியது:

ஒத்துவரும். ஆனால் மடலில் "தனிப் பயணிகளுக்கு அநீதி" என்று தொடங்காதீர்கள். கேம்ப் 4 கணக்கோடு தொடங்குங்கள்: ஓர் இடத்தில் 36க்குப் பதிலாக 60 டாலர் வரை. வரவுசெலவு பார்ப்பவர் அந்த வரியில்தான் நிற்பார். அதன் பின் நால்வரின்பயணம் அவர்கள் சொன்னதைச் சேருங்கள், பெரிய இடங்கள் குடும்பங்களுக்கு விடுபடும் என்பதை. பகிர்வு இடம், ஒருவர் இடம் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்; ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுக்க இடம் தராதீர்கள். நிலவொளி அவர்கள் எழுதிய பத்தியை, அவர் சம்மதித்தால், அப்படியே இணையுங்கள்.

முடிந்தால் அளவுகளையும் கொடுங்கள். எந்தத் திடலில், எந்த எண்ணுள்ள இடத்தில், எத்தனை மீட்டர் நீள அகலம் என்று குறிப்பிட்டால், அலுவலகத்தில் இருப்பவர் வரைபடத்தை எடுத்துப் பார்ப்பார். பொதுவாக எழுதிய மடல்கள் கோப்பில் போய்ச் சேரும்.

நிலவொளி எழுதியது:

என் பத்தியைத் தாராளமாக இணைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இடங்களைத் திடலின் கடைசி ஓரத்தில் ஒதுக்காமல் கழிவறைக்கும் அலுவலர் தங்குமிடத்துக்கும் அருகில் அமைக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். மிஞ்சிய மூலைகளை எங்களுக்குத் தருவது என்றால் அவை எப்போதும் இருட்டான மூலைகளாகவே இருக்கும்.

ஒற்றைக்கூடாரம் எழுதியது:

சேர்த்துவிட்டேன். மூலைகள் என்று நான் எழுதியிருந்த சொல்லையும் மாற்றிவிட்டேன்.

இனி எனக்கு வேண்டியது அளவுகள். வரும் பருவத்தில் கூடாரத்தோடு செல்லும் நண்பர்கள், தாங்கள் தங்கிய திடலின் பெயர், இடத்தின் எண், ஒரு கூடாரம் மட்டும் கொள்ளுமா, வண்டி ஏறுமா, கழிவறை எத்தனை அடி தொலைவு, செலுத்திய கட்டணம், அன்று அந்த இடத்தில் தங்கியவர் எத்தனை பேர் ஆகியவற்றை இந்த இழையிலேயே பதியுங்கள். நான் தங்கிய பதினோரு இடங்களின் விவரங்களை என் குறிப்பேட்டிலிருந்து எடுத்து நாளை மாலைக்குள் முதலில் பதிகிறேன்.